மஞ்சள் பூசிய இறால் ஓடுகள்

செவ்வாய்க்கிழமை, இஷா தொழுகைக்குப் பின்.

இன்று விஞ்ஞானத்தைத் தனியொருவனாக நூறு வருடம் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். தங்கச்சியின் மகள் ரிஸ்னா, கம்பஸ் ஆய்வுகூடத்தில் இறால் ஓட்டிலிருந்து புண்ணுக்குக் கட்டும் துணி செய்து பார்க்கிறாள். ஓட்டைக் கழுவிக் காயவைத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். போன கிழமை முந்தல் இறால் பண்ணையில் மலையளவு ஓடு வாங்கினேன். கறிக்குக் கழுவுகிற வழக்கப்படி உப்பும் மஞ்சளும் போட்டு, சுல்தானுக்கு விருந்து வைப்பதுபோல் தேய்த்து, காயவைத்து அனுப்பினேன்.

இன்று பின்னேரம் கோல் எடுத்தாள்.

"மாமா, மஞ்சள் போட்டீங்களா?"

"ஓம் மகள், அள்ளிப் போட்டேன். நாத்தம் போகணுமே."

"மஞ்சளும் புண்ணை ஆத்தும் மாமா. இனிப் புண் ஆறினா ஓட்டாலயா, மஞ்சளாலயா எண்டு எப்படிச் சொல்ற?"

"ரெண்டுக்கும் பட்டம் குடுங்க."

அவள் சிரிக்கவில்லை. "உம்மாட காலுக்காகத்தானே இதைத் தொடங்கின" என்றாள்.

அவளுடைய உம்மாவுக்கு, என் தங்கச்சிக்கு, சீனி வருத்தம், நீரிழிவு. பெருவிரல் புண் ஆறவில்லை. வெட்டுவதைப் பற்றி டொக்டர் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

நாளை மறுபடி முந்தலுக்குப் போக வேண்டும். வெறும் தண்ணீரில்தான் கழுவுவேன்.

மஃரிப் தொழுகைக்குப் பின் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். துணி சுற்றிய காலோடு நொண்டி நொண்டித் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"புள்ளைக்கு ஓடு போய்ச் சேந்ததா, நானா?" என்று அண்ணனான என்னிடம் கேட்டாள்.

ஓம் என்றேன்.