அம்மா துப்பாத குப்பி

நெம்மேலி குப்பம்

அன்பு மகள் சங்கவிக்கு, உன் நைனா நீலமேகம் சொல்ல, பக்கத்து வீட்டு மோசஸ் சம்சாரம் ஜெனிட்டா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். எனக்குக் காது மந்தம். நான் போன் பேசினால் தெருவே கேட்கும், உன் அம்மாவும் கேட்பாள். அவள் காதில் விழக் கூடாத சேதி இது. ஜெனிட்டா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். படித்ததும் அழித்துவிடு.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்தால்தான் நீ கம்பெனி பஸ் ஏற முடியும். நைனா இருமுகிறார், இரண்டு பேரும் டெஸ்ட் எடுங்கள் என்றாய். சரியான பேச்சுதான். பள்ளிக்கூடத்துக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்தது. கொரோனாவில் மூக்கில் குச்சி விட்டுக் கண்ணில் தண்ணீர் வரவைத்தார்களே, இப்போது அது இல்லையாம். ஆளுக்கொரு குப்பி. கோடு வரைக்கும் எச்சில் துப்பித் தர வேண்டுமாம். என் வெற்றிலை வாயைப் பார்த்து குப்பி தந்த பிரவின்குமார் என்ற தம்பி கடுகடுத்தான். கொப்பளித்துவிட்டு அரை மணி சும்மா உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன்.

கெடுத்தவள் உன் அம்மா. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் மீன் விற்ற காலத்தில் போலீஸ்காரனையே வாயால் விரட்டினவள். ஆனால் நீ வயிற்றில் இருந்தபோது, மசக்கை வாந்திக்குக்கூட என்னை அந்தப்பக்கம் திரும்பச் சொன்னாள். குப்பியை முந்தானையில் மறைத்துக்கொண்டு, "என் எச்சில ஒருத்தன் கையில குடுப்பனாய்யா? என்னுதுலயும் நீயே துப்பிடு" என்றாள். எச்சிலில் என்ன பெரிய வித்தியாசம் என்று நானும் இரண்டிலும் துப்பித் தொலைத்தேன்.

இரண்டுக்கும் பாசிட்டிவ். சளிக்காய்ச்சல் கிருமியாம். இருமுவது நான் ஒருத்தன்தான், அவளுக்கு ஒரு தும்மல் இல்லை. நீயோ, யாரும் வர வேண்டாம் என்றுவிட்டாய். மறுபடி எடுங்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் போய் நின்றேன். பாசிட்டிவ்தான் வந்தாயிற்றே, இன்னும் எதற்குப் பெரியவரே என்கிறார். அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது நான் என்னவென்று விளக்குவது? உன்னிடம் சொன்னால் கஞ்சித் தண்ணி கிடையாது என்று இவள் வேறு மிரட்டுகிறாள். பிள்ளைக்குக் கிழித்து வைத்த பழம்புடவைத் துணிகளை மட்டும் பையிலிருந்து எடுப்பதும் மடிப்பதுமாக இருக்கிறாள்.

நான் வலைக் கொட்டகையில் தனியாகப் படுத்திருக்கிறேன். கிட்டே வராதே என்று கத்தினாலும் மிளகுக் கஷாயத்தோடு வந்து நெற்றியைத் தொடுகிறாள். "நமக்கு ரெண்டு பேருக்கும்தான் வந்துகீதே, இன்னும் இன்னா ஒதுங்கறது" என்கிறாள். அது யார் எச்சில் என்று தெரிந்த பொம்பளை பேசுகிற பேச்சா இது?

நீ நர்ஸம்மாவுக்குப் போன் போடு. அவரையே வீட்டுக்கு வந்து வாங்கிப் போகச் சொல். இந்தத் தடவை உன் அம்மாவே துப்பட்டும். கிருமி இல்லையென்றால் அன்றைக்கே அழைத்துப் போ. இங்கே இருந்தால் நிச்சயம் ஒட்டிக்கொள்ளும். எனக்கு மோசஸ் வீட்டில் கஞ்சி தருவார்கள்.

பிள்ளைக்கு நீண்ட ஆயுசு கிடைக்கட்டும். உன் அம்மா என்னை விட்டு வரமாட்டேன் என்பாள். பிள்ளை அழுகிறது என்று சொல், வந்துவிடுவாள்.

உன் நைனா
நீலமேகம்