எல்லை நடைப் பதிவேடு

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் சுகந்தானே? என் முழங்கால் முன்னைப்போலத்தான். கேட்க ஆளில்லாததால் நானே சொல்லிவிடுகிறேன்.

முந்தாநாள் எங்கள் காட்டு உரிமையாளர் சங்கத்தின் எல்லை நடை முடிந்தது. வருடம் ஒருமுறை அவரவர் காட்டை அவரவர் சுற்றிவந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும், மூன்று வருடம் வராதவருக்கு ஓட்டு கிடையாது என்பதுதான் உனக்குத் தெரியுமே. அப்பா எழுதிவைத்த உன் பாதியையும் என் பாதியையும் இந்தத் தடவையும் நானே சுற்றினேன். உன் பெயருக்கு நேரே உன் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். இது ஆறாவது வருடம். செயலாளர் நான்தானே, பதிவேடு என் பையில்தான். உன் கையெழுத்து உன்னைவிட எனக்கு நன்றாக வருகிறது, போ!

இப்போது அந்த ஓட்டுக்கு வேலை வந்திருக்கிறது. ஒரு மரக் கம்பெனி எங்கள் இருபத்தோரு பேர் காட்டையும் சேர்த்து முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்கிறது. மொத்தமாக வெட்டிவிட்டு ஒரே ஜாதி மரம் நடுவார்களாம். சங்கத்தில் பெரும்பான்மை சொல்வது எல்லாரையும் கட்டும். அதற்காகச் சங்கத்தை விட்டு விலகவும் மனம் வராது. வண்டு விழுந்து மரமெல்லாம் காய்ந்த வருடம் சங்கம் மட்டும் ஆளும் மருந்தும் அனுப்பாவிட்டால், அப்பா வைத்ததில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஓட்டுச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘வேண்டாம்’ என்று எழுதித் தலைவருக்கு அனுப்பு. சோம்பேறித்தனம் பண்ணாதே.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். மருந்துக்கடையில் மூச்சுவிட நேரமில்லை, அதனால்தான் தாமதம்.

சீட்டை அனுப்பிவிட்டேன். ‘சம்மதம்’ என்று எழுதினேன். கோபப்படாமல் மேலே படி.

அப்பா காட்டுக்குப் போகும்போதெல்லாம் உன்னைத்தான் கூப்பிட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். “நீ உள்ள போய்ப் படிடா, உனக்கு இதெல்லாம் எதுக்கு?” என்பார். நீயும் திரும்பிப் பார்க்காமல் அவர் பின்னால் போவாய். சரி, படித்தேன், வெளியே வந்தேன். ஆறு வருடம் எனக்காக நடந்தேன் என்கிறாயே, ஒரு வருடமாவது “நீயும் வாடா” என்று எழுதினாயா? உனக்கு வேண்டியது தம்பி இல்லை, தம்பியின் ஓட்டு. அந்தக் காட்டுக்குள் எனக்கு வழிகூடத் தெரியாது. தெரியாத இடத்தை யார் வெட்டினால் எனக்கென்ன?

தம்பி

மார்ச் 1

தம்பி,

அடுப்பில் வைத்தது கருகும்வரை உன் கடிதத்தையே படித்துக்கொண்டிருந்தேன். அப்பா மேல் இருக்கும் கோபத்தை இருபது குடும்பத்தின் தலையில் இறக்குவாயா? நமக்கு அடுத்த கீழ்க்காட்டுக்காரருக்கு அந்த மரங்களை விட்டால் வேறு பிழைப்பு உண்டா? பதினைந்தாம் தேதி ஓட்டு எண்ணுகிறார்கள். அதற்குள் தலைவருக்கு எழுதி வாபஸ் வாங்கு. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

அக்கா

மார்ச் 8

அக்கா,

வாபஸ் இல்லை. கூட்டத்தில் என் ஓட்டைப் பற்றி வாயைத் திறக்காதே. திறந்தால் அந்த ஆறு கையெழுத்தும் யார் போட்டது என்று கேட்பார்கள். செயலாளர் பதவி போவதோடு அது நிற்காது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தம்பி

மார்ச் 16

தம்பிக்கு,

நேற்று எண்ணினார்கள். சம்மதம் பதினொன்று, வேண்டாம் பத்து. உன் சீட்டைப் பிரித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பாரும்மா, அவ்வளவு தூரத்துல இருந்தும் வருஷம் தவறாம வந்து நடந்த பையன். அவனே சரின்னுட்டான், அப்புறம் நாம என்ன பேசறது?” என்றார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, நடந்ததும் நான்தான், கையெழுத்துப் போட்டதும் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

உன் ஓட்டைத் தள்ளினார்கள். பத்துக்குப் பத்து. ஒரு நிமிடம் காடு தப்பித்தது என்றே நினைத்தேன். பிறகு, சமமானால் என்ன விதி என்று பார்க்கக் கீழ்க்காட்டுக்காரர் விதிப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். பொய்க் கையெழுத்துப் போட்டவருக்கும் ஓட்டு இல்லையாம். பாவம், அவரும் ‘வேண்டாம்’ என்று போட்டவர்தான். பத்துக்கு ஒன்பது ஆயிற்று.

நீ எழுதியதில் பொய்யில்லை. நீ வந்து பார்த்தால் பாதிக் காடு உன்னுடையது என்பது உனக்கு உறைத்துவிடும் என்று பயந்தேன். அதனால்தான் கூப்பிடவில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உன்னை மன்னிக்க மனம் வரவில்லை, அதையும் உன்னிடம் மறைக்கமாட்டேன்.

திங்கட்கிழமை கம்பெனி ஆள் அளக்க வருகிறான். சாலையை ஒட்டியிருப்பதால் முதல் வெட்டு நம் காட்டில்தானாம். உரிமையாளர் ஒருவர் கூடவே நடக்கவேண்டும் என்றான். என்னால் ஆகாது என்று சொல்லி உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். வந்து நட. எந்த எல்லைக் கல் வரைக்கும் நம்முடையது என்று அவனே உனக்குக் காட்டுவான்.

அக்கா