அனலைதீவுக் கலியாணத்தில் உங்கள் குரல்

அண்ணை,

உங்கள் ஹார்ட் டிஸ்க்கைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபோது உப்பும் துருவும் மணத்தன. ஊர்காவற்றுறையில் நாம் சேர்ந்து வேலை செய்த ஸ்டூடியோவுக்கு அதை உங்கள் வீட்டிலிருந்து அக்கா போன மாதம் கொண்டுவந்து தந்தார். நீங்கள் கண்மூடிய பிறகும், நீங்கள் எடுத்த கலியாண வீடியோக்களைக் கேட்டு வெளிநாட்டிலிருந்து அவருக்கு அழைப்பு வருகிறதாம்.

பாதிக் கோப்புகள் திறக்கவில்லை. பற்றறி சாகும்வரை நீங்கள் கமராவை நிறுத்த மாட்டீர்களே. “தாலி கட்டேக்கை நிப்பாட்டேலுமோ?” என்பீர்கள். பதிவு முடியுமுன் கமரா நின்றுவிட்டால், படம் உள்ளே இருந்தும் கோப்பு திறக்காது. அதே கமராவில் எடுத்த பழுதில்லாத வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து, பழுதானவற்றை வரிசையாகத் திருத்தும்படி கணினியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். கறுப்புத் திரையில் கட்டளையைக் கொடுத்துவிட்டு நானும் அக்காவும் தேநீர் குடித்தோம்.

பலவற்றில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. அனலைதீவுக் கலியாணத்தில் இரண்டும் இருந்தன. “மாப்பிள்ளை, கொஞ்சம் இஞ்சாலை பாரும்” என்ற உங்கள் குரலைக் கேட்டு அக்கா சிரித்தார். கதிரையை இழுத்துக் கிட்ட வந்தார்.

பிறகு படம் சரிந்து தரையைக் காட்டியது. “என்ன செய்யுது?” என்று பெண்ணின் தகப்பன் உங்களைக் கேட்டார்.

“நெஞ்சு இறுக்கிப் பிடிக்குது. முந்தியும் வந்தது. வீட்டிலை சொல்லிப்போடாதேங்கோ.”

கமரா மறுபடி நிமிர்ந்தது. கலியாணம் நடந்தது.

நிறுத்தப் போன என் கையை அக்கா பிடித்துக்கொண்டார். எப்போது எடுத்தது என்று கேட்டார். திருத்திய கோப்புகள் எல்லாம் திருத்திய நாளைத்தான் காட்டின. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு நினைவிருந்தது, ஆவணி என்றேன். நீங்கள் போனது மாசியில்.

“அரை வருசம் எனக்குப் பக்கத்திலைதான் படுத்தெழும்பினவர்” என்றார். அழவில்லை.

ஆவணிக்குப் பிறகுதான் கமரா ஸ்டாண்டை என்னிடம் தூக்கத் தந்தீர்கள். அதுவரை “உமக்குக் கனக்கும்” என்று தொடவே விடமாட்டீர்கள். என்னில் நம்பிக்கை வந்துவிட்டதென்று வள்ளத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு பெருமையாக இருந்தேன், அண்ணை.

போகும்போது அக்கா சொன்னார்: “அந்த இடத்தை வெட்டிப்போட்டு அந்தக் கலியாண வீட்டுக்காரருக்கு அனுப்பும். அவை கலியாணத்தைப் பாக்கட்டும். வெட்டினதை எனக்குத் தாரும்.”

கொடுத்தேன். உங்களோடு அவருக்கு இன்னும் கோபம். சேமக்காலையில் உங்கள் கல்லறைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஆனால் அந்தத் துண்டு அவர் போனில் இருக்கிறது.

மற்ற வீடியோக்களையும் ஸ்கிரிப்ட் திருத்தி முடித்துவிட்டது. நான் இன்னும் ஒன்றையும் அனுப்பவில்லை. சத்தம் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கடைசிவரை கேட்கிறேன். மேளத்துக்கும் சிரிப்புக்கும் இடையில், கமராவுக்குப் பின்னால் நின்று நீங்கள் மூச்சு வாங்குகிறீர்களா என்று.