வில்லனுக்கு வைத்த குங்குமம்

ஷார்ஜா

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

இங்கே நான், மகள் ஆர்த்தி, மாப்பிள்ளை மூவரும் நலம். உங்களுக்குச் சர்க்கரை குறைந்ததா?

மாப்பிள்ளை பள்ளி நாளிலிருந்து சேர்த்த, வீரர்களும் வில்லன்களும் படமாக வரும் விளையாட்டு அட்டைகளைக் காட்டினார். பழையவற்றில் தூரிகை ஓடிய தடம் தெரிகிறது. பிறகு வந்தவற்றில் கறுப்புக் கோடு தடித்திருக்கிறது. புதியவை கம்ப்யூட்டரில் வரைந்தவை; சாய்த்தால் நிறம் மாறுகிறது. எம்புட்டு அழகு! பழைய அட்டை ஒன்றில் மயில்மேல் வேலோடு ஒருவர் இருந்தார். முருகனென்று நினைத்துக் குங்குமம் வைத்துவிட்டேன்.

“ஐயோ அத்தை, அவன் வில்லன்! அவனையா கும்பிட்டீக?” என்று மாப்பிள்ளை சிரித்தார். அடுத்த மாதக் கண்காட்சிக்கு அந்த அட்டைதான் போகவேண்டுமாம்; ஆர்த்தி பிறகு சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. யோசனை கேட்க நீங்களும் பக்கத்தில் இல்லை.

உங்கள் சிவகாசி அச்சகத்தில், படத்தில் பட்ட கறையை மை கலையாமல் எப்படி எடுப்பீர்கள்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ஞானசுந்தரி