தலைவலி என்று சொன்னேன்

ஆவணி 14, ஞாயிறு.

மதியம் அப்பா, அம்மாவோடு டிவியில் ஒரு பழைய கன்னடப் படம் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. அடியில் தமிழ் எழுத்து இல்லை. பெங்களூரில் படித்தவன் என்பதால் அம்மாவுக்காக நானே வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மனைவி, வேறொருவனோடு பழகியதைக் கணவனிடம் ஒப்புக்கொள்ளும் காட்சி வந்தது. என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்கு அன்னவாசலில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வீட்டில் யாரும் பேசியதில்லை.

"தலைவலின்னு சொல்றாம்மா."

"தலைவலிக்கா இப்புடி அழுவுறா? ஒழுங்கா சொல்லுடா."

சொன்னேன்.

"இவளையெல்லாம் வீட்டுல வச்சிருப்பானா?" என்றார் அப்பா.

அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. "அவன் என்னடா சொல்றான்?"

"மன்னிச்சிட்டேங்கிறான்."

"அவளாச்சும் வாயத் தொறந்து சொன்னா. இங்க ஒரு மனுசன் பதினோரு வருசமா..."

"அதை அணைடா," என்றார் அப்பா.

அணைத்துவிட்டேன். கை தானாகப் போயிற்று. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் பேச ஆரம்பித்தாள். அப்பா அணைக்கச் சொன்னால் சொல்லட்டும் என்று நான் அணைக்காமல் உட்கார்ந்திருக்கலாம்.