கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒயர்

பெனிஷா அப்பா,

மொத ஷிப்ட், மேட்டுப்பாளையம் ஃபேக்டரிக்குக் கெளம்பிட்டேன். சங்கரா மீன் கொழம்பு இருக்கு, சூடு பண்ணிக்குங்க.

வேன்லேர்ந்து, பின்னாடி இழுத்துட்டுப் போற ஜூஸ் கடை ட்ரெய்லர் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்த, கிறிஸ்துமஸ் ஸ்டார் லைட்டோட மெல்லிசு ஒயரையா வெட்டிப் போடுவாங்க? அதைப் பிடுங்கிட்டு, சுண்டுவிரல் தடிமன்ல வேற போட்டிருக்கேன். வேன் பேட்டரிகிட்டயே ஃபியூஸ் வச்சிருக்கேன். அதைக் கழட்டாதீங்க.

"ஃபேக்டரியில காருக்கு ஒயர் கட்டுறவ எனக்குச் சொல்ல வந்துட்டியா"ன்னு கேட்டீங்க.

அந்த ஒயரைத் தொட்டு விரல் சுட்டதை ஏன் மறைச்சீங்க? களிம்பு ஃபிரிட்ஜ் மேல இருக்கு.

செல்வி

பி.கு: பழைய ஒயர் மேஜைமேல கெடக்கு. உருகியிருக்கிற துண்டு, வேன் பின்சீட்டுக்கு அடியில போனது. நேத்து பீச்லேர்ந்து வர்றப்ப பெனிஷா அந்த சீட்லதான் படுத்துத் தூங்கிட்டு வந்தா.