உன் ஐந்தாவது வெர்ஷன்

இன்று காலை பயிற்சி அறையின் திரையில் உன் பெயரைப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நம் மேனேஜர் வழக்கமான கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரே கிளிக். மூணரை மணி நேரம் எல்லாம் நின்னுபோச்சு" என்று, யார் எதை மாற்றினார்கள் என்ற பட்டியலில் உன் பெயர் இருக்கும் வரிக்கு மஞ்சள் பூசிக் காட்டினார். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நீ எழுதிய ரூல் மட்டும் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன்னைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். போனவனிடம் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் நாமக்கல்லிலிருந்து இன்ஜினியரிங் முடித்து, முதல் வகுப்புச் சான்றிதழோடு அம்பத்தூருக்கு வந்தவன். நீ மண்ணூர்பேட்டை. எஸ்டேட் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவரின் மகன், டிப்ளமோ. ஒரே நாளில் சேர்ந்தோம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆறே மாதத்தில் எல்லாரும் சந்தேகம் கேட்க உன் நாற்காலிக்குத்தான் வந்தார்கள்.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது என்று யாராவது கூப்பிட்டால் எந்த மெக்கானிக்கை அனுப்புவது என்று முடிவு செய்கிற ரூல்தான் நம் வேலை. அதன் நான்காவது வெர்ஷனை நான் எழுதினேன். வரைபடத்தில் யார் மிக அருகில் இருக்கிறாரோ அவரை அனுப்பு. இரண்டு மாதம் பாடுபட்டேன். நீ ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"மாமே, மேப்புல கிட்டக்கதான் கீது. நடுவுல ரயில் போவுதே, மெக்கானிக்கு இன்னா பறந்தா போவான்?"

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு ஆவடியிலிருந்து பூந்தமல்லிவரை சுற்றினாய். தண்டவாளத்தை எங்கே கடக்கலாம், மெட்ரோ வேலைக்காக எந்தச் சாலையை அடைத்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தாய். அதுதான் உன் ஐந்தாவது வெர்ஷன். மெக்கானிக்குகள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளர்களே போன் செய்து பாராட்டினார்கள். எந்த வெர்ஷன் ஓட வேண்டும், எது ஓடக்கூடாது என்று மாற்றும் உரிமையை உன் லாகினுக்கு மட்டும் கொடுத்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய வெர்ஷனை நாம் அழிப்பதில்லை, அடியிலேயே கிடக்கும். மேலே இருப்பதை 'வித்ட்ரா' செய்தால் அது ஒதுங்கிக்கொள்ளும், அடுத்துக் கீழே இருப்பது ஓடத் தொடங்கும். 'பிளாக்' செய்தால் மென்பொருள் அதோடு நின்றுவிடும். கீழே எத்தனை இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. இது இந்த வேலையில் பாலபாடம்.

அன்று பத்தரை மணிக்கு நீ டீ வாங்கப் போனாய். எனக்கும் சேர்த்துத்தான் வாங்கப் போனாய். திரையைப் பூட்டவில்லை. உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். உன்னுடையதை ஒதுக்கிவிட்டால் என்னுடையது ஓடும், ஒரு வாரமாவது ஓடட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்பதுதான் என் கணக்கு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வித்ட்ரா செய்ய வேண்டியவன் பிளாக் செய்துவிட்டு எழுந்தேன். இரண்டு கையிலும் டீயோடு நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய்.

இரண்டு மணிவரை ஒரு மெக்கானிக்குக்கும் வேலை போகவில்லை. காரணத்தை முதலில் கண்டுபிடித்தவனும் நீதான். மேனேஜர் பட்டியலை எடுத்து வைத்துக் கத்தினார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார். கை தவறிடுச்சு" என்றாய். உனக்கு வரவிருந்த டீம் லீடர் பதவி அடுத்த மாதம் எனக்கு வந்தது.

அதைப் பற்றி நீ பேசியது ஒரே ஒரு முறை, எஸ்டேட் டீக்கடையில். "வித்ட்ராவுக்கும் பிளாக்குக்கும் வித்தியாசம் தெரியல. நீயெல்லாம் இன்னாத்துக்கு மாமே இந்த வேலைக்கு வந்தே?" என்று சிரித்தாய். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "எனுக்கு ஊடு இங்கியே கீது. உனுக்கு இத்த வுட்டா இன்னா கீது? வுடு" என்றாய். எனக்கு நன்றி வரவில்லை. இரக்கப்படுகிற இடத்திலும் இவனே உட்கார்ந்துகொண்டானே என்று பற்றிக்கொண்டுதான் வந்தது. உன்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் அந்தக் கதை. நீ இருந்தவரை பின்வரிசையில் உட்கார்ந்து நீயே சிரித்துக்கொண்டிருப்பாய். இன்று பின்வரிசையில் நான் மட்டும் இருந்தேன். ஒரு பையன், "இவ்ளோ அஜாக்கிரதையான ஆளுக்கு யாரு சார் உரிமை குடுத்தது?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"சார், அத பண்ணது அவன் இல்ல. அவன் சீட்ல உக்காந்து நான்தான் பண்ணேன்."

மேனேஜர், "திங்கட்கிழமை பேசிக்கலாம்" என்று திரையை அணைத்தார். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. பன்னிரண்டு பேரும் என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஆவடியிலிருந்து வருகிற ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அவரு கடைசிவரிக்கும் யாராண்டயும் சொல்லவே இல்லியா? இன்னா மனுஷன் சார் அவரு!"

அவ்வளவுதான், அறை முழுக்க உன் பேச்சு. எப்படி இருப்பார், போட்டோ இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள். மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டு நான்கு பேர் உன் வெர்ஷனைத் திறந்து வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு வேலையைப் பணயம் வைத்தவன் நான், பெயர் உனக்கு. பழைய மாதிரியே அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

இந்த ஒரு வருஷத்தில் யாரைப் பார்த்தும் எனக்கு அப்படி எரியவில்லை. எரிந்தபோதுதான் நீ இல்லை என்பது எனக்கு முதல்முறையாக உறைத்தது. கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். திங்கட்கிழமை என்ன ஆனாலும் ஆகட்டும், உன்மேல் இருக்கும் பொறாமையை மட்டும் நான் விடுவதாக இல்லை. அதையும் விட்டுவிட்டால், உன்னோடு எனக்கு வேறு என்னடா இருக்கிறது?